ரெண்டு முழங்கால்கள்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் நண்பர் போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"உனக்கு எத்தனை முழங்கால்?"

"ரெண்டு."

"எனக்கும் ரெண்டுதான். ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதில்லே."

நண்பருக்கு வயது 52. கம்ப்யூட்டர் உத்தியோகம். அவருடைய இடது முழங்கால் பிதுரார்ஜிதம். அப்பா, பெரியப்பா எல்லோருமே மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கு ஒரு 'முருகா' சொன்னவர்கள். குருத்தெலும்பு தேய்கிற ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். வலது முழங்கால் சுயசம்பாத்தியம். லைம் டிஸீஸ்.

இந்தப் பெயரை ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அப்பவே சொன்னேனே, ராத்திரியில எலுமிச்சம்பழ ஜூஸ் குடிக்காதேன்னு" என்றாராம்.

எலுமிச்சைக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. லைம், ஓல்டு லைம் என்று கனெக்டிகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஊர்கள். மரங்கள், மான்கள், அமைதியான வீடுகள். அங்கே பாலி முர்ரே என்று ஓர் அம்மாள். 1960களிலிருந்தே அவருக்கும் பின்னர் கணவர், குழந்தைகளுக்கும் மாற்றி மாற்றி தடிப்பு, காய்ச்சல், மூட்டு வீக்கம். டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். எல்லாம் உங்கள் மனசில்தான் இருக்கிறது என்கிற ரீதியில் சில டாக்டர்கள் பேசினார்கள். அம்மாள் விடவில்லை. நோட்டுப் போட்டு யாருக்கு, எப்போது, எந்த மூட்டு என்று எழுத ஆரம்பித்தார். அக்கம்பக்கத்திலும் இதே கதை. 1975ல் மாநில சுகாதாரத் துறைக்குப் போன் செய்தார். இன்னொரு தாயாரும் தனியாகப் புகார் செய்திருந்தார்.

யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் ஸ்டியர் என்ற இளம் டாக்டர் விசாரிக்க வந்தார். அந்த வட்டாரத்தில் 51 பேர் அகப்பட்டார்கள். அதில் 39 பேர் குழந்தைகள். பலருக்குக் கோடையில் ஆரம்பித்திருக்கிறது, பலருடைய வீடு காட்டை ஒட்டி. ஏதோ கடித்திருக்கிறது என்று அவர் யூகித்தார். கடித்தது உண்ணி. நம் ஊர் நாய் உண்ணியின் தூரத்து உறவு. (நம் நாய் உண்ணி லைம் நோயைப் பரப்புவதில்லை. மணியைத் துரத்தாதீர்கள்.) உண்ணிக்குள் இருந்த சுருள் வடிவக் கிருமியை 1981ல் வில்லி பர்க்டார்ஃபர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கிருமிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நியாயமாக அந்த அம்மாளின் நோட்டுப் புத்தகத்தின் பெயரையல்லவா வைத்திருக்க வேண்டும்?

இளம் உண்ணி கசகசா சைஸ்தான். கடித்தால் வலிக்காது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கிருமி உள்ளே இறங்கும். அதனால் காட்டுப்பக்கம் போய் வந்தால் அன்றைக்கே அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் என்று சோதனை போட்டு, சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிட வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற பரம்பரை வைத்தியம் கூடாது.

நண்பர் சோதிக்கவில்லை. ஒரு கோடையில் கொல்லைப் புல்லை வெட்டினார். சில நாள் கழித்துத் தொடையின் பின்னால் சிவப்பாக ஒரு வட்டம். வீட்டு அம்மணி படர்தாமரை என்று க்ரீம் தடவினார். தானாகவே மறைந்துவிட்டது. மறையத்தான் செய்யும்; கிருமி மறைவதில்லை.

அஞ்சு மாசம் கழித்து வலது முழங்கால் தேங்காய் சைஸுக்கு வீங்கியது. இங்கேதான் பிதுரார்ஜிதம் காலை வாரியது. முதலில் பார்த்த டாக்டர், "உங்களுக்கு ஏற்கெனவே இடது காலில் ஆர்த்ரைட்டிஸ். இப்போது வலது. வயதாகிறதல்லவா?" என்று வலி மாத்திரை எழுதிவிட்டார். அதில் நான்கு மாதம் போயிற்று. வீக்கம் வடியும், திரும்ப வரும். ஆபீஸில் திங்கட்கிழமை நொண்டுகிறவர் வியாழக்கிழமை சாதாரணமாக நடந்தால் மேனேஜர் என்ன நினைப்பார்? நினைத்தார். "எந்தக் காலை நொண்டணும்னு மறந்துட்டீங்களா?" என்று ஜோக் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தாராம். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் என்னிடம் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

இரண்டாவதாகப் பார்த்த லேடி டாக்டர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "எப்போதாவது சிவப்பாக வட்டம் வந்ததா?" ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. லைம் ஆர்த்ரைட்டிஸின் லட்சணம் இது: வீக்கம் பிரமாதம், வலி அந்த அளவுக்கு இருக்காது, முக்கால்வாசி முழங்காலைத்தான் பிடிக்கும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். பெரும்பாலோருக்கு இதுபோல ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகிவிடும்.

நண்பர் சிறுபான்மைக் கட்சி. இன்னொரு தவணை மருந்தும் ஆயிற்று, வீக்கம் மட்டும் போகவில்லை. கிருமி ஒழிந்த பிறகும் உடம்பின் எதிர்ப்பு சக்தி மூட்டுக்குள் யுத்தத்தை நிறுத்தவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தது தெரியாமல், சொன்னாலும் நம்பாமல், பிலிப்பைன்ஸ் காட்டில் 1974 வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தாரே ஓனோடா என்ற ஜப்பானிய வீரர், அந்தக் கேஸ். அவருடைய பழைய மேஜர் நேரில் போய் உத்தரவு வாசித்த பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார். நண்பருக்கு மேஜர், மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். ஞாபகப் பிசகாக தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து. மதுவும் ஆகாது. ஆபீஸ் பார்ட்டியில் எல்லோரும் பீர் குடிக்க, இவர் கையில் லைம் ஜூஸ்.

கிருமி போயும் வலி போகாதது நமக்குப் புதிதில்லை. 2006ல் சிக்குன்குனியா வந்தவர்களைக் கேளுங்கள், மாதக்கணக்கில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இருந்த கதையைச் சொல்வார்கள்.

இப்போது நண்பரும் நோட்டுப் போட்டிருக்கிறார். இடது, வலது என்று இரண்டு பத்தி. படி ஏறினால், ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் வலிப்பது இடது. காரணமே இல்லாமல் சூடாகி வீங்குவது வலது. இடதுக்கு நடையும் தொடைப் பயிற்சியும். வலது வீங்கியிருக்கும்போது ஐஸும் ஓய்வும். ஆக, நடக்கணுமா உட்காரணுமா என்று காலையில் முதலில் ஒரு பஞ்சாயத்து. முன்பெல்லாம் புது வலி வந்தால் 'வயசு' என்று விட்டுவிடுவாராம். இப்போது தேதி போட்டு எழுதி டாக்டரிடம் காட்டுகிறார்.

"மேனேஜர்கிட்டே காட்டினியா?"

"காட்டினேன். படிச்சுட்டு ஒண்ணும் பேசலே. மறுநாள் என் சீட்டை லிஃப்ட் பக்கம் மாத்திட்டார்."

"பரவாயில்லையே!"

"பரவாயில்லேதான். சரி, வெச்சுடட்டுமா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மேஜர் வர்ற நேரம்."