சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள், பருப்பு எங்கே?

"சோற்றைக் குறை, மாவுச்சத்தைத் தள்ளு, நாளில் 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடு, சர்க்கரை இறங்கும்." இந்த உபதேசம் பட்டணத்தோடு நிற்கவில்லை. பேலியோ என்றும் விரத முறை என்றும் பல பெயர் சூட்டிக்கொண்டு, கைபேசி வழியே கழுகுமலைக்கும் கோவில்பட்டிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கேட்கிற விவசாயத் தொழிலாளி சிரிக்கிறார். வயிற்றைக் காயப்போட நமக்கு ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டுமா என்கிறார்.

அந்தச் சிரிப்பு நியாயமானது. ஆனால் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது, தோழர்களே! சர்க்கரை நோய் பணக்காரர் வியாதி என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் ஜனங்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-ல் அதே ஆய்வு கூறியது. ஆகவே உபதேசத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தட்டு நிறையச் சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்று உண்பது உடம்புக்குக் கேடுதான்.

கேள்வி வேறு. குறைத்த சோற்றின் இடத்தில் எதை வைப்பது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி வேண்டும் என்று 1979-ல் திட்டக் கமிஷன் குழு வகுத்தது. அதில் பாதியைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டால் 1,200 கலோரிக்கு வேறு வழி தேட வேண்டும். முட்டையால் நிரப்புவதானால் ஒருவருக்கு 16 முட்டை! நிலக்கடலையால் நிரப்பினால் ஏறக்குறைய 220 கிராம். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 26 கிலோ. எந்தக் கூலியில் இதை வாங்குவது? சோற்றைக் குறைத்துவிட்டு வேறெதையும் வைக்காவிட்டால் அதற்குப் பெயர் வைத்தியமா? பட்டினி!

விரதமும் பட்டினியும் ஒன்றல்ல. கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. உண்ணாமையை நோன்பாக ஏற்றவர்களின் மலை அது. மலையடியில் முருகன் கோயிலில் கந்த சஷ்டிக்கு விரதம் இருப்போர் இன்றும் உண்டு. விரதம் இருப்பவருக்கு அடுத்த வேளைச் சாப்பாடு எப்போது என்று தெரியும். பட்டினி கிடப்பவருக்குத் தெரியாது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படை நெதர்லாந்துக்கு உணவு போகாமல் தடுத்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்த குழந்தைகளை ஐம்பது வயதில் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. ஏழையின் பட்டினி நோயைத் தீர்ப்பதில்லை. அடுத்த தலைமுறைக்கும் விதைக்கிறது. கர்ப்பிணிகள் இந்த விரத முறையின் பக்கமே போகக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்லது. ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு, அல்லது இன்சுலின் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு வெயிலில் களை எடுத்தால் சர்க்கரை அடியோடு இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். ஆலையில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு இது உயிர் ஆபத்து. உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுக்க வேண்டும். டாக்டரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றாமல் யாரும் விரதம் தொடங்க வேண்டாம்.

கம்புக்கும் சோளத்துக்கும் குதிரைவாலிக்கும் திரும்பினால் போதும் என்பாரும் உண்டு. அவை அரிசியைவிட மேல், நார்ச்சத்து அதிகம். ஆயினும் அவையும் பெரும்பகுதி மாவுச்சத்தே. நூறு கிராம் அரிசியில் புரதம் சுமார் 8 கிராம், கம்பில் 11 கிராம். உளுந்திலும் துவரையிலும் கொள்ளிலும் 20 கிராமுக்கு மேல். நிலக்கடலையிலும் அப்படியே. ஆகவே நமக்குத் தேவை பருப்பும் பயறும் கடலையும் முட்டையும். சீனி போட்ட தேநீரைக் குறைப்பதும், இருக்கிற காசில் கொள்ளையும் தட்டைப்பயறையும் வேகவைத்து முதலில் உண்பதும் நம் கையில் உள்ளவை. மிச்சம் நம் கையில் மட்டும் இல்லை.

இந்தக் கரிசல் மண் உளுந்தும் பாசிப்பயறும் விளைவிக்கிறது. நெற்றுப் பறிக்கும் பெண், அதே உளுந்தைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறாள். மானாவாரிப் புஞ்சையில் விளையும் மக்காச்சோளம் கோழித் தீவனமாகப் போகிறது. அந்தக் கோழியின் முட்டை நம் தட்டுக்குத் தினமும் வருவதில்லை. ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நாலு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம்!

இதைச் சரித்திரத்தோடு ஒப்பிடுங்கள். 1877-ல் சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார் சர் ரிச்சர்ட் டெம்பிள். மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் அது போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். முடிவில் மாகாண சர்க்கார் தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்தி, 43 கிராம் பருப்பும் சேர்த்தது. பஞ்சக் கூலியில் 43 கிராம். இன்றைய ரேஷனில் 8 கிராம். அது வேலைக்குத் தந்த கூலி, இது மலிவு விலைச் சரக்கு என்பது உண்மையே. அப்படியும் இந்த வித்தியாசம் நம்மை யோசிக்க வைக்க வேண்டாமா?

1956-ல் இதே கரிசல் பூமியில், எட்டயபுரத்தில், காமராஜர் பள்ளி மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பிற்காலத்தில் அந்தத் தட்டில் முட்டையும் ஏறியது. சர்க்கார் நினைத்தால் தட்டு மாறும் என்பதற்கு இது சாட்சி. ஆகவே நாம் கேட்போம்: பருப்பை அட்டைக் கணக்கில் அல்லாமல் தலைக் கணக்கில் கொடு! கரிசல் உளுந்தையும் பாசிப்பயறையும் குதிரைவாலியையும் நியாய விலைக்குக் கொள்முதல் செய்து இங்குள்ள ரேஷன் கடையிலேயே போடு! பருப்பும் முட்டையும் வாங்கக் கட்டும்படியான கூலி கொடு! சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். சோற்றைக் குறைக்க நாம் தயார். பருப்பை அவர்கள் கூட்டட்டும்!