பகல் விளக்கு எரியவில்லையா? கழற்றும் முன் அளந்து பாருங்கள்!

காரின் முன்னால் பட்டப்பகலிலும் எரியும் விளக்கை வெறும் அலங்காரம் என்றே பலர் நினைக்கிறார்கள். எதிரே வருபவர் கண்ணில் கார் பட வேண்டும் என்பதற்காக வைத்தது அது. குளிர்காலப் பகல் மங்கிக் கிடக்கும் ஸ்வீடன், 1977-லேயே பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்று சட்டம் போட்டது. கனடாவில் புதிய கார்களுக்கு 1990 முதல் இது கட்டாயம்.

அது எரியாமல் போனால்? பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் பல்பை மாற்றுவார்கள். பிறகு ரிலே. அப்போதும் எரியாவிட்டால் "மாட்யூல் போயிடுச்சு" என்று பெரிய பில்! இதற்குப் பெயர் பழுது பார்ப்பதா? சூதாட்டம். ஆடுவது மெக்கானிக், பணம் மட்டும் கார்காரருடையது.

முதலில், பழுது நிஜமா என்று பார்க்க வேண்டும். வட அமெரிக்கக் கார்கள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் இந்த விளக்கு எரியாது. சில கார்களில் இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க விளக்கு அணையும். இரண்டும் பழுதல்ல, அமைப்பே அப்படி.

அடுத்து, ஒரு பக்கம் மட்டுமா, இரண்டுமா? ஒன்று என்றால் பல்பு, சாக்கெட், எர்த். இரண்டும் என்றால் பொதுவான ஃபியூஸ், ரிலே, மாட்யூல். ஆனால் சில பழைய கார்களில் இரண்டு பல்புகளும் தொடரிணைப்பில் இருக்கும். அங்கே ஒன்று போனாலே இரண்டும் அணைந்துவிடும்!

பெரிய ஏமாற்று வேலை மல்டிமீட்டரில்தான். சாக்கெட்டைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும். மூடிய குழாயில் அழுத்தம் முழுதாகத்தானே இருக்கும்? திறந்தால்தான் அடைப்பு தெரியும். அதுபோல பல்பை மாட்டி, சுவிட்ச் போட்டு, பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. துருவைச் சுரண்டி, போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்தது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறதா? 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவது தீர்வல்ல. அடுத்து எரிவது ஒயர்!

தப்பு மெக்கானிக்குகளுடையது மட்டுமல்ல. "சும்மா பார்த்ததற்கே காசா?" என்று சண்டை போடும் கார்காரர்கள்தான், பார்க்காமலே பார்ட்ஸ் மாற்றும் பழக்கத்தை வளர்க்கிறார்கள். பத்து நிமிடம் அளப்பதற்குக் கூலி கொடுப்பவருக்கு, தேவையில்லாத மாட்யூலுக்குப் பணம் அழ வேண்டியிருக்காது.