பந்தயம் இல்லாத சைக்கிள் பயணம்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோ மீட்டர். இரண்டு முறை போய்த் திரும்பினாலும் 180 கிலோ மீட்டர்தான். ஆனால், ஒரே நாளில் 200 கிலோ மீட்டர் சைக்கிள் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள்!

இந்தப் பயணத்துக்குப் "பிரவே" என்று பெயர். பிரான்சு நாட்டில் பிறந்தது. இப்போது தமிழ்நாட்டிலும் நடக்கிறது. இது பந்தயம் அல்ல. முதல் பரிசு கிடையாது. 200 கிலோ மீட்டரை 13½ மணி நேரத்தில் முடித்தால் போதும். டீ குடிக்க நிற்கும் நேரமும் அதில் அடக்கம். சராசரி வேகம் மணிக்கு 15 கிலோ மீட்டர். நம் ஊர் பால்காரரின் வேகம்தான்!

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமா? கட்டாயம் இல்லை. ஆனால் தலைக்கவசம் வேண்டும். இரவில் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்சட்டையும் போட வேண்டும்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவருக்கு இத்தனை பாதுகாப்பு. பிழைப்புக்காக ஓட்டுகிறவருக்கு?

கடலூர்–சிதம்பரம் சாலையில்தான் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. லாரிகள் ஓடும் சாலை அது. அதிலேயே தொழிலாளியும் சைக்கிளில் போகிறார். பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். இருட்டில் பின்னால் வரும் லாரிக்கு அவர்கள் தெரிய வேண்டாமா?

விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீசார் பிடித்த காலம் உண்டு. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டைனமோ போனது, அந்தப் பயமும் போனது. ஆபத்து மட்டும் போகவில்லை.

சைக்கிள் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம். முதலில் பின்விளக்கைப் பார்ப்போம். அதற்கு ஆகும் செலவு சிறிது. அது காப்பதோ ஓர் உயிர்!