வாத்தியார் பக்கம்: தெற்கே போகும் சின்ன வண்டிவீடு



ஆண்டுக் கடைசி வந்துவிட்டால் நமக்கு மழைக்காலம். கிழக்குக்கரையில் வெள்ளம்; தோட்டங்களில் பால்வெட்டு இல்லாத நாட்கள். ஆனால் இதே மாதங்களில் கனடா நாட்டில் வாசலில் வைத்த வாளித் தண்ணீர் விடிவதற்குள் கல்லாகிவிடுகிறது. மைனஸ் 15, மைனஸ் 20 பாகை செல்சியஸ் குளிரில் முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். அதனால் அங்குள்ள வயதானவர்கள் பலர், குளிர்காலம் தொடங்கியதும் அமெரிக்காவின் தென்பகுதியான ஃபுளோரிடா, டெக்சஸ், அரிசோனா போன்ற மாநிலங்களுக்குப் போய், பனி உருகிய பிறகு ஊர் திரும்புவார்கள். இவர்களைப் 'பனிப்பறவைகள்' என்று அந்த ஊரில் செல்லமாக அழைக்கிறார்கள்.

வசதி படைத்தவர்கள் விமானத்தில் போய் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்குவார்கள். அந்த அளவுக்குக் கையில் காசு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. காரின் பின்னால் ஒரு சின்ன வண்டிவீட்டை மாட்டி இழுத்துச் செல்வது. நாலைந்து மீட்டர் நீளம்தான் இருக்கும். அதற்குள் படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, மேசை எல்லாம் அடக்கம். 1930-களிலேயே அமெரிக்காவில் பலர் தங்கள் வீட்டுப் பட்டறையிலேயே கண்ணீர்த்துளி வடிவில் இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்து இழுத்துப் போயிருக்கிறார்கள்.

மலேசியத் தோட்டத்தில் இருக்கும் வாத்தியாருக்கு இந்தக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஆறாம் ஆண்டில் படித்த பையன் ஒருவன் இப்போது கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் கூரை வேலை செய்கிறான். பனிக்காலத்தில் அவனுக்கு வேலை குறைவு. எங்கள் தோட்டத்தில் 30 வருடம் பால்மரம் வெட்டிய அவனுடைய தாயார் இப்போது அவனோடு இருக்கிறார். குளிர் வந்தால் அந்த அம்மாளுக்கு முழங்கால் மடங்காது, மூச்சு இழுக்கும். தாயாருக்காகவே பழைய வண்டிவீடு ஒன்றை வாங்கி, ஜனவரியில் தெற்கே போக ஏற்பாடு செய்திருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அழைத்து, 'சார், இன்றைக்கு இதைச் செய்தேன்' என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லுவான். கேட்கக் கேட்க, இது நாம் வகுப்பில் நடத்துகிற அறிவியல் பாடமேதான் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் கூரை. வண்டிவீட்டுக்கு எமன் மழைநீர். கூரை மூட்டுகளில் பூசிய பசை காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே கசிந்து மரச்சட்டத்தை உளுக்கச் செய்துவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே மூலைகளில் விரலால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். அப்படி இருந்தால் ஆபத்து. கூரை வேலைக்காரன் ஆயிற்றே, பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப்பசை பூசி முடித்துவிட்டான்.

அடுத்தது டயர். இதை நம் தோட்ட மக்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் மங்கில் வடிந்த பாலும் டயரில் சேருகிறது அல்லவா! வண்டிவீடு வருடத்தில் பெரும்பகுதி நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் டயரின் பூ தேயாது. புதிது போலவே தெரியும். ஆனால் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிப் பக்கச் சுவரில் மயிரிழை போல வெடித்துவிடும். டயரின் பக்கவாட்டில் ஒரு நீளமான குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டு 35-ஆவது வாரம் செய்த டயர் என்று பொருள். ஐந்தாறு வருடம் கடந்த டயரை, பூ இருந்தாலும் மாற்றிவிடுவதுதான் நெடும்பயணத்துக்கு நல்லது என்கிறார்கள்.

காற்றழுத்தமும் குளிருக்கு ஏற்ப மாறும். வெப்பம் 6 பாகை குறைந்தால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். தெற்கே போகப் போக வெப்பம் கூடும், அழுத்தமும் கூடும். ஆகையால் ஒவ்வொரு நாளும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். சக்கரத்தின் பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைப்பதும், சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் நிறுத்தி ஆணிகளை மறுபடியும் முறுக்குவதும் கட்டாயம்.

மூன்றாவது, பாரம். மாட்டு வண்டி பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். வண்டிவீட்டுக்கும் அதே கணக்குத்தான். வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு, காரில் மாட்டும் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 1,000 கிலோ வண்டி என்றால் 100 முதல் 150 கிலோ. இது குறைந்தால் வேகமாகப் போகும்போது வண்டி பாம்பு போல வளைந்து ஆடத் தொடங்கி, காரையும் சேர்த்துக் குடைசாய்த்துவிடும். அதனால் கனமான பொருள்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக வைக்க வேண்டும். என் மாணவன் அரிசி மூட்டை, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் பின்பக்க அலமாரியில்தான் முதலில் அடுக்கியிருந்தான். அம்மாவுக்கு ஆட்டுக்கல் இல்லாமல் ஆகாதாம்! பிறகு எடைபோட்டுப் பார்த்து எல்லாவற்றையும் முன்னுக்கு நகர்த்தினான்.

ஒருவேளை வழியில் வண்டி ஆடத் தொடங்கினால்? பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பக் கூடாது. எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். வண்டிவீட்டுக்கென்று தனி பிரேக் இருந்தால், கைவிசையால் அதை மட்டும் மெதுவாகப் பிடிக்கலாம்.

கொக்கியில் மாட்டியபின் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் கீழே குறுக்காகப் பின்னி மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் வண்டியின் மூக்கு சாலையில் குத்தாமல் தொட்டில் போல அவை தாங்கும். இதைத் தவிர மெல்லிய கம்பி ஒன்று உண்டு. வண்டி பிரிந்து போனால் அந்தக் கம்பி ஒரு ஊசியை இழுத்துவிடும்; உடனே வண்டியின் மின் பிரேக் தானாகவே பிடிக்கும். மாட்டிய பிறகு ஒருவர் பின்னால் நின்று விளக்குகளையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காவது, தண்ணீர். பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு 9 பங்கு விரியும். குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். ஆகவே குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் உறையாத் திரவத்தைக் குழாய்களில் செலுத்தி வைப்பார்கள். புறப்படும்போது அதை வெளியேற்றக் கூடாது. இரவிலும் தண்ணீர் உறையாத இடம் சேரும்வரை அது அப்படியே இருக்கட்டும். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் தண்ணீர் கொண்டு போகலாம். கார் இஞ்சினுக்கு ஊற்றும் சாதாரண உறையாத் திரவத்தை இங்கே பயன்படுத்தவே கூடாது. அது இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. தெற்கே சேர்ந்ததும் குழாய்களை நன்றாக அலசி, 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிலிட்டர் வீதம் வாசனை சேர்க்காத குளோரின் சலவைத் திரவம் கலந்து, நாலைந்து மணி நேரம் வைத்து, மறுபடியும் நல்ல தண்ணீரால் வாடை போகும்வரை அலச வேண்டும். அதன் பிறகே குடிக்கலாம்.

ஐந்தாவது, பேட்டரி. வடிந்துபோன பேட்டரி மைனஸ் 10 பாகை வருவதற்கு முன்பே உறைந்து வெடித்துவிடும். முழுதாக மின் ஏற்றிய பேட்டரி அந்தக் குளிரையெல்லாம் தாங்கும். ஒரே பேட்டரிதான்; நிரம்பியிருந்தால் ஒரு குணம், காலியாக இருந்தால் ஒரு குணம்!

இனிமேல் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எரிவாயுத் தோம்பு. நம் வீட்டுத் தோம்பில் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டும் கலந்திருக்கும். பியூட்டேன் சுழியப் பாகையிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 பாகை வரை ஆவியாகும். அதனால் குளிர் நாட்டில் புரொப்பேனையே நிரப்புகிறார்கள். ஓடும்போது தோம்பை மூடிவைக்க வேண்டும். வண்டியில் உள்ள சூடேற்றியின் புகைக்குழாயில் வெயில்காலத்தில் குளவி கூடு கட்டியிருக்கும். அதைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும்.

மாணவனின் தாயாருக்கு இங்கேதான் ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. 'சூடேற்றி எதற்கு? ராத்திரி அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் கதகதப்பாக இருக்குமே' என்று. மகன் சொல்லிக் கேட்கவில்லை. 'சார், நீங்களே சொல்லுங்கள்' என்று தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

நான் சொன்னேன்: 'அம்மா, லயத்து வீட்டு அடுப்படியில் சன்னலும் கதவும் திறந்தே கிடந்தன. புகை தானாக வெளியேறியது. அந்த வண்டிவீடு பிஸ்கட் டின் மாதிரி. மூடிய இடத்தில் நெருப்பு எரிந்தால் காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. நம் இரத்தம் மூச்சுக்காற்றைப் பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கு மேல் அந்த வாயுவை இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலிக்கும், மயக்கமாக இருக்கும், சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துப் படுப்போம். பிறகு எழுந்திருக்க மாட்டோம்.'

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, 'அப்படியானால் அந்தச் சுவரில் மாட்டியிருக்கிற பெட்டி கத்தினால் என்ன செய்வது, வாத்தியாரய்யா?' என்று கேட்டார்.

'பெட்டியை நிறுத்தக் கூடாது அம்மா. குளிராக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாரையும் எழுப்பிக்கொண்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்' என்றேன்.

'சரி. அடுப்பு சமையலுக்கு மட்டும்' என்று ஒப்புக்கொண்டார். அந்த எச்சரிக்கைப் பெட்டிக்கும் ஆயுள் உண்டு. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தேதி இருக்கும். அவன் வாங்கிய வண்டியில் இருந்த பெட்டி என்றைக்கோ காலாவதி ஆகிவிட்டிருந்தது. மற்ற செலவுகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் புதுப்பெட்டி வாங்கி மாட்டச் சொன்னேன், மறுநாளே மாட்டிவிட்டான். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அதனால் எரிவாயுக் கசிவைக் காட்டும் பெட்டி தரைக்குப் பக்கத்தில் இருக்கும். சமைக்கும்போது சன்னலையோ கூரைத் திறப்பையோ கொஞ்சம் திறந்துவைப்பது இதற்கும் நல்லது. மூச்சுக்காற்றின் ஈரம் சுவரில் படியாமல் இருப்பதற்கும் நல்லது.

காகித வேலையும் உண்டு. கனடாவில் நிரந்தர வசிப்புரிமை இருந்தாலும் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசா வேண்டும். ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்புறுதி வெளிநாட்டுச் செலவில் சிறு பகுதியைத்தான் தரும். அமெரிக்காவில் மருத்துவமனைச் செலவோ ஆளையே விழுங்கிவிடும். எனவே தனியாகப் பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும். தாயாரின் மூச்சிழுப்பை மறைக்காமல் எழுதித்தான் எடுக்க வேண்டும். மறைத்தால் தேவைப்படும் நாளில் ஒரு காசும் கிடைக்காமல் போகலாம்.

டொராண்டோவிலிருந்து டெட்ராய்ட் வழியாக 75-ஆம் நெடுஞ்சாலையில் ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா கடந்து ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ நகருக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஏறக்குறைய 770 கிலோமீட்டர்தான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் பகலில் மட்டும் ஓட்டுவது, பனி பொழிந்தால் ஒருநாள் காத்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறான். பனி உருக வடக்குச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். தெற்கே சேர்ந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவாவிட்டால் துரு அரித்துவிடும்.

வாசகர்களே, நம்மில் பலர் வண்டிவீடு இழுக்கப்போவதில்லை. ஆனால் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சொந்தபந்தம் பார்க்கப் போவோம். டயரின் நான்கு எண்களை இன்று மாலையே பாருங்கள். பாரத்தை அளவாக ஏற்றுங்கள். களைப்பாக இருந்தால் ஓய்விடத்தில் நிறுத்தித் தூங்குங்கள்; ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு இஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். குளிர்சாதனக் காற்றை நம்பி அப்படித் தூங்கியவர்கள் விழிக்காமலே போன செய்தி நம் நாட்டிலும் வந்திருக்கிறது. கனடா வண்டிவீட்டில் கொல்லுகிற வாயுவும் இதுவும் ஒன்றேதான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் புரிந்துவிட்டால் அவர்களைவிட ஒழுங்காக நடப்பவர்கள் யாரும் இல்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.