அரிசி மூட்டையும் மருந்துச் சீட்டும்

1990களில் லண்டனுக்கு வந்த நாட்களில் சோறும் பருப்பும் சாப்பிட்டே நாம் காசு மிச்சம் பிடித்தோம். பயணக் கடன் இருந்தது. ஊருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. கடன் தீர்ந்த பின்னும் பல வீடுகளில் அந்தக் கணக்கு மாறவில்லை. கடைச் சாமான் பட்டியலில் அரிசி மூட்டைக்கே முதலிடம். விலை ஏறினால் முதலில் குறைவது மரக்கறி.

இது பிழையான சிக்கனம் என்பதே எமது கருத்து. 40 வயதிலேயே சலரோகத்துக்கு மருந்து எடுக்கும் எம்மவர்களைத் தினமும் காண்கிறோம். உடல் நிறைச் சுட்டெண் மற்றவர்களுக்கு 25 ஆகும்போது கவனம் தேவை என்றால், தெற்காசியரான எமக்கு 23இலேயே தேவை.

ஆகவே பட்டியலை மரக்கறியில் தொடங்குவோம். கடைக்குப் போகுமுன் வீட்டில் இருப்பதைப் பார்ப்போம். கீரை, போஞ்சியை வாரத்தின் முதல் மூன்று நாட்களில் சமைத்து, கோவா, கரட்டைப் பின்னுக்கு வைத்தால் வீணாவது குறையும். உறையவைத்த பசளியும் பட்டாணியும் சத்தில் குறைந்தவையல்ல. பயறு, கடலை, முட்டை, ரின் மீன் எல்லாம் ஆட்டிறைச்சியை விட மலிவு. செலவைக் குறைப்பதானால் சோடாவையும் பிஸ்கற்றையும் குறைப்போம்.

சாப்பாட்டுக் கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, மிகுதி பருப்போ மீனோ இருக்கட்டும். சலரோக மருந்து, இன்சுலின் எடுப்போர் மட்டும் சோற்றைத் திடீரெனக் குறைக்குமுன் தமது வைத்தியரைக் கேட்கவேண்டும்.

பசித்த காலத்தை நாம் மறக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துச் சாப்பாட்டுக் கணக்கைப் பிள்ளைகளுக்கும் விட்டுச்செல்ல வேண்டியதில்லை.