துண்டுப் பிரசுரத்தில் இல்லாத பெண்

பனியன் கம்பெனி வாசல்களில் நமது தோழர்கள் விநியோகிக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். பஞ்சப்படி இருக்கும். பீஸ் ரேட் இருக்கும். பி.எப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் இருக்கும். இருக்க வேண்டியவைதாம். 1984-ல் திருப்பூர்த் தொழிலாளி 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து நின்றது பஞ்சப்படிக்காகத்தான் என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் செக்கிங் மேஜையிலும் கைமடியிலும் நிற்கும் பெண் அந்தப் பிரசுரத்தில் எங்கே இருக்கிறாள்? ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவள், சூப்பர்வைசர் பேசிய பேச்சை யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள், வீடு போய்ச் சேர்ந்த பிறகு சமையலைத் தொடங்குகிறவள், “உனக்கு எந்த ஊர், எந்தத் தெரு?” என்று சாதியைத் துருவும் கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்தவள்; அவள் எங்கே? பிரசுரத்தை எழுதியவர் ஆண். திருத்தியவர் ஆண். அச்சகத்துக்கு எடுத்துப் போனவரும் ஆண். நமது ஏடு மட்டும் இதற்கு விலக்கு என்று மார்தட்டிக்கொள்ள நமக்குத் துணிவில்லை.

இந்தக் குறையை 1949-லேயே ஒரு பெண் தம் சொந்தக் கட்சியின் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். கிளாடியா ஜோன்ஸ் என்பது அவர் பெயர். டிரினிடாட் தீவில் 1915-ல் பிறந்து, நியூயார்க்கில் வறுமையில் வளர்ந்து, அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் தலைமைப் பொறுப்புக்கு வந்த கறுப்பினப் பெண். கறுப்பினப் பெண் தொழிலாளி என்பதால் சுரண்டப்படுகிறாள், கறுப்பி என்பதால் ஒதுக்கப்படுகிறாள், பெண் என்பதால் அடக்கப்படுகிறாள். இம்மூன்றும் ஒரே முதுகில் ஒரே நேரத்தில் விழும் அடிகள் என்று அவர் எழுதினார். வீட்டு வேலை செய்யும் பெண்களைத் திரட்டாமல் விட்ட தொழிற்சங்கங்களையும், மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் அந்தப் பெண்களை வேலைக்காரியாகவே நடத்திய முற்போக்காளர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அமெரிக்க அரசு அவரைச் சிறையில் அடைத்து, 1955-ல் நாடு கடத்தியது. லண்டனில் 1958-ல் கறுப்பின மக்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். 1964-ல் காலமானார். ஹைகேட் கல்லறையில் மார்க்சின் இடப்புறம் அவரை அடக்கம் செய்தார்கள். கட்சியை இவ்வளவு கண்டித்தவர் கட்சியை விட்டு ஓடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண் பிரச்சினையைக் கிளப்பினால் சங்கம் உடைந்துபோகும் என்று பயப்படும் தோழர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

அமெரிக்காக்காரி எழுதியதற்கும் அனுப்பர்பாளையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். ஒரு வழக்கைச் சொல்கிறோம், கேளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி 1964-க்கு முன்பு கறுப்பினப் பெண்களை வேலைக்கு வைத்ததே இல்லை. பிறகு வைத்தார்கள். சில ஆண்டுகளில் மந்தம் வந்து ஆட்குறைப்பு நடந்தது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது விதி. பணிமூப்பு விதி தொழிற்சங்கங்கள் விரும்பிப் போற்றும் விதிதான்; ஆனால் கதவே பின்னால் திறக்கப்பட்டவர்களுக்கு அந்த நல்ல விதியே கத்தியாயிற்று. ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976-ல் தீர்ப்பு வந்தது. கம்பெனியில் பெண்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள், வெள்ளைப் பெண்கள். கறுப்பர் இருக்கிறார்களா? இருக்கிறார்கள், ஆண்கள். பெண் என்று ஒரு வழக்குப் போடு, கறுப்பர் என்று இன்னொரு வழக்குப் போடு, இரண்டையும் சேர்த்துக்கொண்டு வராதே என்றது நீதிமன்றம்! இரண்டு தெருக்கள் சந்திக்கும் முச்சந்தியில் அடிபட்டவளை, எந்தத் தெரு வண்டி மோதியது என்று சொன்னால்தான் மருந்து போடுவோம் என்பது போன்றது இது என்று 1989-ல் கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்ட அறிஞர் விளக்கிக் காட்டினார். அவர் வைத்த பெயர் இன்று உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் புழங்குகிறது. பிறந்த இடம் தொழிற்சாலை வாசல் என்பதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

நம் மண்ணுக்கும் அம்மக்களுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தவர்களுக்குத் தம் ‘குலாம்கிரி’ நூலை 1873-ல் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் பூலே. கறுஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவி 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். பெண்களின் எழுத்துக்கு வந்தால், 1989-ல் சிவகாமி ‘பழையன கழிதலும்’ நாவலை வெளியிட்டார். ஊருக்கு முன்னே நியாயம் பேசும் தலித் தலைவர் வீட்டுக்குள் பெண்களை எப்படி நடத்துகிறார் என்று அது காட்டியது. சொந்தத் தலைவரை இப்படிக் காட்டலாமா என்று கோபம் எழுந்தது. கிளாடியாவுக்கும் இதே கேள்விதான்!

1992-ல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. பனை மட்டையின் இரு பக்கமும் அறுக்கும் அந்தக் கருக்குத்தான் பெயர். புத்தகத் தமிழைத் தள்ளி வைத்துவிட்டு, சேரியில் பேசும் பேச்சிலேயே எழுதினார். அதற்காகத் தம் ஊருக்குள்ளேயே சில காலம் போக முடியாத நிலை அவருக்கு வந்தது. 1994-ல் வந்த ‘சங்கதி’யைத்தான் திருப்பூர்த் தோழர்கள் முதலில் படிக்க வேண்டும் என்போம். ஒரே வயலில் ஒரே வேலை, பெண்ணுக்குக் குறைந்த கூலி. வயலில் ஆண்டையின் கை, வீட்டில் புருஷனின் கை. விளையாடும் வயதில் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் மைக்கண்ணி. தீப்பெட்டி என்பதை அழித்துவிட்டு நூல் மில் என்று எழுதிப் பாருங்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களமாய்ப் பெயர் சூட்டி, கல்யாணத்துக்குப் பணம் தருவதாய்ச் சொல்லி, மூன்று வருஷம் விடுதியில் பூட்டி வைத்தார்களே, அந்தப் பெண்களில் எத்தனை மைக்கண்ணிகள்! பாமா கறுப்பினப் பெண்களைப் பார்த்து எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. கடலுக்கு இரு கரையிலும் ஒரே இடத்தில் அடிபட்டவர்கள் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள்.

எழுத்து என்ன சாதித்தது என்று கேட்கும் காரியவாதிகளுக்கு 2022-ஐ நினைவூட்டுகிறோம். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலையுண்டாள். அவளுடைய மேற்பார்வையாளன் கைதானான். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன. பெண் என்றோ, சாதி சொல்லியோ, வெளியூர்க்காரி என்றோ பாகுபாடு கூடாது என்று அது சொல்கிறது. தளத்திலேயே பெண் தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுத வேண்டும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய சங்கங்களாகிய நமக்கு ஏன் தோன்றவில்லை?

ஆகவே கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பிரசுரத்தில் ஒரு பக்கத்தைச் செக்கிங், கைமடித் தோழியரிடம் விட்டுவிடுங்கள். பேசுகிறபடியே எழுதட்டும், எழுத வராதவர் சொல்லட்டும், இன்னொரு பெண் எழுதட்டும். இலக்கணம் பார்க்கிறோம் என்று யாரும் பேனாவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். செயற்குழுவை இரவு ஒன்பது மணிக்குக் கூட்டிவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று அறிக்கை எழுதும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். ஞாயிறு பிற்பகலில் கூட்டுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதைப் பார்த்துக்கொள்ள ஆண் தோழர் இருவரை முன்கூட்டியே நியமியுங்கள்.