செஞ்சிக் கோட்டையைப் பூட்டவும் வேணாம், மிதிச்சே அழிக்கவும் வேணாம்

1/ 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அன்னையிலிருந்து ரெண்டு கட்சி சண்டை போடுது. ஒரு கட்சி: "ஜனங்க நாசம் பண்றாங்க, மலை ஏற விடாதீங்க." இன்னொரு கட்சி: "ரோப் கார் போடுங்க, எல்லாரும் உச்சிக்குப் போகட்டும்." என்னைக் கேட்டா ரெண்டுமே தப்பு. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறவங்க பொறுமையா படிங்க. நீளமான இழை.

2/ முதல்ல, இது வெறும் பிக்னிக் மலை இல்ல, போர்க்களம். 1677ல சிவாஜி பிடிச்ச கோட்டை. அவர் மகன் ராஜாராமைப் பிடிக்க மொகலாயப் படை 1690ல முற்றுகை போட்டுச்சு. கோட்டை விழுந்தது 1698ல. நடுவுல 8 வருஷம்! அதுக்குள்ள ராஜாராம் தப்பிச்சுப் போயாச்சு.

3/ 1714ல ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து தேசிங்கு ராஜா செத்தார். 1750ல பிரெஞ்சுக்காரங்க பிடிச்சாங்க, 1761ல ஆங்கிலேயர். காவலுக்கு வந்த ஐரோப்பியச் சிப்பாய்களை எதிரியை விட காய்ச்சல்தான் அதிகம் பயமுறுத்துச்சு. உடம்புக்கு ஆகாத ஊர்னு அவங்க நடுவுல செஞ்சிக்கு ஒரு கெட்ட பேரே இருந்துச்சு.

4/ இப்ப "பூட்டிடுங்க" கட்சிக்கு. ராஜகிரி மேல கமலக்கண்ணியம்மன் கோயில் இருக்கு. சுத்துப்பட்டு ஊர் ஜனங்களுக்கு அது நினைவுச் சின்னம் இல்ல, சாமி. அவங்களைப் பாத்து "யுனெஸ்கோ வந்தாச்சு, இனி ஏறாதே"ன்னு யார் சொல்றது? கோட்டைக்கு அக்கம்பக்கத்துல இருக்குறவங்க அதைத் தன்னோடதா நினைக்கிற வரைக்கும்தான் அதுக்குப் பாதுகாப்பு. அவங்களை வெளியே தள்ளிட்டா, சுவர்ல யார் கிறுக்கினாலும் தட்டிக் கேக்க ஆள் இருக்காது.

5/ ஆனா மிதிபடுறதால வர்ற சேதம் கற்பனை இல்ல. படிக்கட்டை விட்டுட்டு நாலு பேர் குறுக்கு வழியில ஏறினா, முதல்ல புல் சாகும். அப்புறம் மண் இளகும். ஐப்பசி மழையில அந்தத் தடமே ஓடையா மாறி, பக்கத்துச் சுவரோட அடிமண்ணை அரிச்சுக்கிட்டுப் போகும். சுவர் சரியுறது ஒரு நாள்ல நடக்கும். அதுக்கான காரணம் பத்து வருஷமா நடந்துக்கிட்டு இருக்கும்.

6/ சுண்ணாம்புப் பூச்சுல ஆணியால "ஐ லவ் யூ" எழுதுறவங்களுக்கு: உங்க தோல்ல கீறினா வாரத்துல ஆறிடும், அது உயிருள்ள திசு. சுண்ணாம்பு ஆறாது. 1958ம் வருஷ தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி இதுக்கு 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. சட்டம் இருக்கு. பிடிக்க ஆள் வேணும்.

7/ இப்ப "ரோப் கார்" கட்சிக்கு. ராஜகிரியோட உச்சி ரொம்பச் சின்ன இடம். அங்க போக ஒரு பிளவைத் தாண்டுற சின்னப் பாலம்தான் வழி. எதிரி கூட்டமா வரக்கூடாதுன்னே தேர்ந்தெடுத்த இடம் அது! அங்க மணிக்கு நூத்துக்கணக்குல ஆளைக் கொட்டினா என்ன ஆகும்? தூண் நட பாறையைக் குடையுறது தனிக் கதை.

8/ "வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள் பாக்க வேணாமா?" நியாயமான கேள்வி. பதில் மலை அடிவாரத்துலயே இருக்கு. கல்யாண மகால், நெற்களஞ்சியம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, குளங்கள் எல்லாமே கீழ்க்கோட்டையில. அங்க சக்கர நாற்காலி போற மாதிரி பாதை, நிழல், உக்கார இடம், சுத்தமான கழிவறை குடுங்க. உச்சியை மட்டும் காட்டி ஏங்க வைக்காதீங்க.

9/ தேசிங்கு செத்ததும் மலை உச்சியில இல்ல. கோட்டைக்கு வெளியே, சமவெளியில. செஞ்சின்னா ராஜகிரி மட்டும் இல்லீங்க. கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம், மூணையும் இணைக்கிற மதில், சுத்தியிருக்குற நிலம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் போர்க்களம். எல்லாரும் ஒரே படிக்கட்டுல நெரியுறது, மத்ததை நாம சொல்லிக்குடுக்காததால.

10/ இப்ப என் ஏரியா. ராஜகிரி சுமார் 800 அடி. மாடிக்கு 10 அடின்னு வெச்சா 80 மாடி ஏறுற மாதிரி. மே மாசம் 12 மணிக்கு, சுட்ட பாறை நடுவுல, கையில அரை லிட்டர் தண்ணி பாட்டிலோட ஏறுறாங்க. குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், 40 டிகிரி செல்சியஸைத் தாண்டின உடம்புச் சூடு, இதெல்லாம் சேர்ந்தா அது வெறும் மயக்கம் இல்ல, ஹீட் ஸ்ட்ரோக். உடனே நிழலுக்குக் கொண்டு வந்து உடம்பை நனைச்சு விசிறணும், 108 கூப்பிடணும். நினைவு இல்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க. படிக்கட்டுல ஸ்ட்ரெச்சர் இறங்குறதுக்குள்ள நேரம் போயிடும்.

11/ அப்புறம் குரங்கு. சிப்ஸ் பாக்கெட் நீட்டுறது பாசம் இல்ல. நாளைக்கு அது அடுத்தவன் குழந்தை கையைக் கடிக்கும். கடிச்சா சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வெக்காதீங்க. அன்னைக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க. ரேபிஸ் வந்துட்டா பெரும்பாலும் எந்த மருத்துவமும் காப்பாத்தாது.

12/ கவனிச்சுப் பாருங்க. மனுஷனைக் காப்பாத்துற விதியும் கோட்டையைக் காப்பாத்துற விதியும் ஒண்ணுதான். உச்சி வெயில்ல ஏறாதே: உனக்கும் நல்லது, படிக்கட்டு நெரிசலும் குறையும். சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்துட்டுப் போகாதே: கடியும் இல்ல, குப்பையும் இல்ல. பாதையை விட்டு விலகாதே: கணுக்காலும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும்.

13/ "நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்ல, வெளிநாட்டுல இப்படி இல்ல"ன்னு ஆரம்பிப்பாங்க. அமெரிக்காவுல கெட்டிஸ்பர்க் போர்க்களம், 1863ல சண்டை நடந்த இடம். அங்க லிட்டில் ரவுண்ட் டாப்ங்கிற குன்றையும் ஜனங்க மிதிச்சே அரிச்சுட்டாங்க. 2022 ஜூலையில மூடினாங்க. மண் அரிப்பைத் தடுத்து, பாதையைச் சரி பண்ணி, சக்கர நாற்காலிக்கும் வழி போட்டு, 2024 ஜூன்ல திறந்தாச்சு. அங்கயும் மனுஷங்கதான். நல்ல பாதை இருந்தா அதுல நடப்பாங்க, இல்லன்னா அவங்களே ஒண்ணு போட்டுக்குவாங்க.

14/ அப்ப என்ன கேக்குறேன்?
• உச்சிக்கு ஒரே பாதை. குறுக்குத் தடங்களை முள்வேலி இல்லாம, கல்லும் செடியும் வெச்சு மூடுங்க.
• கோடையில காலை சீக்கிரம் திறந்து, நடுப்பகல்ல ஏற்றத்தை நிறுத்துங்க.
• ஒரு நேரத்துல உச்சியில இத்தனை பேர்தான்னு கணக்கு. திருவிழா நாளுக்குத் தனி ஏற்பாடு, ஊர்க்காரங்களைக் கேட்டு.
• பாதி வழியில குடிதண்ணி, முதலுதவி தெரிஞ்ச ஆள். செஞ்சி இளைஞர்களுக்கே பயிற்சி குடுத்து சம்பளத்துக்கு வையுங்க.
• எந்தப் பகுதியைப் பழுது பாக்க மூடினாலும், திறக்குற தேதியை வாசல்லயே எழுதுங்க.

15/ கடைசி வரிதான் முக்கியம். தேதி இல்லாத "பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது" பலகையை நான் நம்பமாட்டேன். மருந்துச் சீட்டுல "அடுத்து எப்ப வரணும்"னு எழுதாம அனுப்பினா என்னை விடுவீங்களா? தொல்லியல் துறையையும் அதே மாதிரி கேளுங்க.

16/ 8 வருஷ முற்றுகையைத் தாங்கின மதில், நம்ம விடுமுறைக் கூட்டத்தைத் தாங்கலைன்னா அது கல்லோட குத்தம் இல்ல. போங்க, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போங்க. காலையில போங்க, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி எடுத்துக்கோங்க, படியிலயே நடங்க. நெஞ்சு வலி, மூச்சிரைப்பு இருக்குறவங்க கீழ்க்கோட்டையோட நிறுத்துங்க. அங்கயே ஒரு நாள் பத்தாது.